சிவிசிஆர்எம்: கார்டு எண்ணைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாத நன்கொடை மென்பொருள்

மாதாந்திர நன்கொடை திரட்டும் ஒரு தொண்டு நிறுவனம் மென்பொருள் தேடும்போது முதலில் கேட்க வேண்டியது, நன்கொடையாளரின் கிரெடிட் கார்டு எண் கடைசியில் யாரிடம் போய்த் தங்குகிறது என்பதே. 2005 முதல் வளர்ந்துவரும் கட்டற்ற மென்பொருளான சிவிசிஆர்எம்மை அந்த ஒரு கேள்வியை வைத்தே இங்கு மதிப்பிடுகிறேன்.

இணையவழிக் கட்டணச் சேவையான ஸ்ட்ரைப்புடன் இணைக்கும் நீட்சியோடு நிறுவினால் பதில் நிறைவாக இருக்கிறது. நன்கொடைப் பக்கத்தில் கார்டு எண்ணைக் கேட்கும் கட்டம் ஸ்ட்ரைப்பின் சர்வரிலிருந்து வருவதால், எண் நம் சர்வரைத் தொடாமல் நேராக அங்கேயே போய்விடுகிறது. தரவுத்தளத்தைத் திறந்து பார்த்தால் ஸ்ட்ரைப் வழங்கிய வாடிக்கையாளர் குறியீடும் சந்தாக் குறியீடும் இருக்கும். கார்டைப் பொறுத்தவரை அதிகபட்சம் அதன் வகையும் கடைசி நான்கு இலக்கங்களும் இருக்கும். நம் ஸ்ட்ரைப் கணக்கை இயக்கும் ரகசியச் சாவி இல்லாதவருக்கு அந்தக் குறியீடுகளால் பயனில்லை. ஆனால் வழக்கமான அமைப்பில் அந்தச் சாவியும் அதே தரவுத்தளத்தில்தான் பதிவாகிறது என்பதால், பேக்கப் கோப்பைப் பணப்பெட்டிக்கு நிகரான கவனத்துடன் பாதுகாக்க வேண்டும்.

கார்டு எண் நம் சர்வர் வழியாகவே கடந்து செல்லும் பழைய முறை இணைப்புகளையும் இம்மென்பொருள் அனுமதிக்கிறது. அப்படிச் செய்தால், கார்டு நிறுவனங்களின் பாதுகாப்பு விதிகளான பிசிஐ டிஎஸ்எஸ்ஸின் கீழ் நிரப்ப வேண்டிய சுயமதிப்பீட்டுப் படிவம் எளிய 'ஏ' வகையிலிருந்து மிக நீண்ட 'டி' வகைக்கு மாறிவிடும். சிறிய அமைப்புகள் அந்தப் பக்கமே போகக் கூடாது.

என்னை உண்மையில் கவலைப்படுத்துவது குறிப்பு எழுதும் பெட்டி. தொலைபேசியில் நன்கொடை தருபவரின் எண்ணை, பிறகு பதிவு செய்துகொள்ளலாம் என்று ஓர் ஊழியர் அதில் தட்டச்சு செய்தால், மென்பொருள் தடுப்பதில்லை. மூன்று இலக்க சிவிவியைக்கூட ஏற்றுக்கொள்ளும். பரிவர்த்தனைக்கு ஒப்புதல் கிடைத்த பிறகு சிவிவியை மறைகுறியாக்கம் செய்துகூடச் சேமிக்கக் கூடாது என்பது விதி. மாற்றங்களை விரிவாகப் பதிவு செய்யும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், அந்தக் குறிப்பைத் திரையில் நீக்கினாலும் அதன் நகல் பதிவு அட்டவணையில் அப்படியே இருக்கும். பதினாறு இலக்கத் தொடரைக் கண்டதும் எச்சரிக்கும் வசதி அடிப்படைத் தொகுப்பிலேயே இருந்திருக்க வேண்டும். அது இல்லாதது இம்மென்பொருளின் பெருங்குறை.

இது வீண் அச்சம் அன்று. தொண்டு நிறுவனங்களுக்கு நிதி திரட்டும் மென்பொருள் வழங்கும் அமெரிக்காவின் பிளாக்பாட் நிறுவனம் 2020இல் தாக்குதலுக்கு உள்ளானபோது, வங்கிக் கணக்கு விவரங்கள் களவுபோகவில்லை என்று முதலில் அறிவித்தது. பின்னர் சிலருடைய விவரங்கள் மறைகுறியாக்கம் இல்லாமல் இருந்ததை ஒப்புக்கொண்டது. 2023இல் அமெரிக்க மாநிலங்களுடன் 4.95 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. நிதி திரட்டும் மென்பொருளில் எந்த விவரம் எந்தப் பெட்டியில் கிடக்கிறது என்று தெரியாமல் இருப்பதன் விலை அது.

இந்தியாவில் வழங்கப்படும் கார்டுகளுக்கு விதி இன்னும் கண்டிப்பானது. ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி 2022 அக்டோபர் 1 முதல் கார்டை வழங்கிய வங்கியும் கார்டு நெட்வொர்க்கும் தவிர வேறு யாரும் முழு எண்ணைச் சேமிக்க முடியாது. எனவே கார்டு வழியாக மாதாந்திர நன்கொடை பெறும் இங்குள்ள அறக்கட்டளைகளுக்கு, கார்டு எண்ணுக்குப் பதிலாக ஒரு மாற்றுக் குறியீட்டைப் பயன்படுத்தும் டோக்கன் முறையைத் தவிர வேறு வழியில்லை.

சர்வரைப் பராமரிக்கவும் புதுப்பிப்புகளை உடனுக்குடன் நிறுவவும் ஆள் இருக்கும் அமைப்புகளுக்கு சிவிசிஆர்எம்மைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். கார்டு எண்ணை ஊழியர்கள் உள்ளிடும் அனுமதியை முதல் நாளே நிறுத்திவிட்டு, நன்கொடையாளருக்குப் பக்கத்தின் இணைப்பை அனுப்பும் வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். கட்டணச் சேவையைத் தேர்ந்தெடுக்கும் முன், பிற்காலத்தில் வேறு சேவைக்கு மாறினால் சேமித்த கார்டு விவரங்களைப் புதிய சேவைக்கு நேரடியாக மாற்றித் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு சேவை தந்த டோக்கன் இன்னொன்றில் செல்லாது என்பதால், அந்த உறுதி இல்லாவிட்டால் மாதாந்திர நன்கொடையாளர் ஒவ்வொருவரிடமும் மறுபடியும் கார்டைக் கேட்க வேண்டியிருக்கும்.