சுங்கை சிப்புட்டில் பசியாற ஒரு கடை

ஞாயிறு காலையில் நான் பசியாறப் போவது மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பட்டணத்து ஒட்டுக்கடை ஒன்றுக்கு. ரொட்டி சானாய் மொறுமொறுவென்று வரும். பருப்புக் குழம்பு கேட்காமலே இன்னொரு கரண்டி. தே தாரேக் என்னும் இழுத்து ஆற்றிய பால்தேநீரில் மட்டும் சீனி அதிகம், முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டைவிட எனக்குப் பிடித்தது கல்லாவில் இருக்கும் பெரியவரின் பேச்சு. எங்கள் நாடாளுமன்றத் தொகுதியின் கதை முழுக்க அவருக்கு மனப்பாடம். 1959 முதல் 1974 வரை இங்கே உறுப்பினர் துன் சம்பந்தன். முதலாளிகள் ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960இல், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்க அவர் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் என் தாத்தாவும் பால்மரம் வெட்டிய காசில் பங்கு வாங்கினார். அந்தப் பத்திரம் இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதைச் சொன்னதும் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் 34 ஆண்டுகள் சாமிவேலு. 2008 மார்ச் 8 இரவு டாக்டர் ஜெயக்குமார் 1,821 வாக்கு வித்தியாசத்தில் அவரை வென்றார். சோசலிசக் கட்சிக்காரர், ஆனால் நின்றது கெஅடிலான் என்ற வேறு கட்சியின் சின்னத்தில். தோட்ட மக்களின் வீட்டுப் பிரச்சினைக்காக தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயம் லயமாக நடந்தவர் என்பதால் அந்த வெற்றி எனக்கு இன்றும் பெரிதுதான். 2018இலிருந்து கேசவன்.

பத்து மணிக்குள் போங்கள். அதற்குமேல் ரொட்டி கிடைக்காது, பெரியவரும் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்.