சேலம் – சென்னை விமானம்: 265 கிலோமீட்டரும் கையில் மிஞ்சும் நேரமும்

2023 அக்டோபர் கடைசியில் சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்திலிருந்து சென்னைக்கு மறுபடி விமானம் விட்டார்கள். அப்போதிலிருந்து வேலை விஷயமாக அடிக்கடி அதில் போய்வருகிறேன். புதிதாக டிக்கெட் எடுப்பவர்கள் முதலில் இணையத்தில் தூரமும் நேரமும்தான் தேடுகிறார்கள். வருகிற தூரத்தை நம்பலாம். நேரத்தை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

தூரம் சுமார் 265 கிலோமீட்டர். சாலையில் போனால் 340ஐ ஒட்டி வரும். சில தளங்களில் 143 என்று இருக்கும். அது கடல் மைல் கணக்கு.

நேரம்தான் வம்பு. மணிக்கு 800 கிலோமீட்டர் என்று ஜெட் வேகத்தால் வகுத்து 20 நிமிடம் என்று காட்டும் தளங்கள் உண்டு. ஏற, இறங்க அரை மணி சேர்த்தால் 50 ஆகும். நம்ம ஊருக்கு வருவதோ ஏடிஆர் 72, விசிறி சுழலும் விமானம். அதன் வேகமே மணிக்கு 500 சொச்சம்தான், அதுவும் நடுவில் கொஞ்ச நேரம். மேலே ஏறி முடிப்பதற்குள் இறங்குவதற்கான அறிவிப்பு வந்துவிடும். சென்னையில் ஓடுதளத்துக்கு ஊர்ந்து போய் வரிசையில் நிற்பதும் கணக்கில் உண்டு. டிக்கெட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டிருப்பது அதனால்தான், அது ஏமாற்று இல்லை. சேலம் பக்கம் கிழக்கே 1,600 மீட்டருக்கு மேல் சேர்வராயன் மலை நிற்கிறது. இறக்கை மேலே இருப்பதால் ஜன்னலோரம் கிடைத்தால் அந்த மலையை மறைக்காது. இரைச்சலுக்கு மட்டும் காதைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள்.

சரி, வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுவோம். சேலம் அஞ்சு ரோட்டிலிருந்து கருப்பூர், ஓமலூர் தாண்டி காமலாபுரம் போக முக்கால் மணி வைத்துக்கொள்கிறேன். ஏற்காட்டுக்காரர்கள் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். விமான நிலையத்தில் ஒரு மணி நேரம் முன்னால் போய் நிற்க வேண்டும், பறப்பது ஒரு மணி சொச்சம், பெட்டி வர இருபது நிமிடம். மீனம்பாக்கத்தில் வெளியே வரும்போது மூன்றேகால் மணி நேரம் ஓடியிருக்கும். அப்புறம் சென்ட்ரல் போக மெட்ரோவில் முக்கால் மணி. வந்தே பாரத் சேலம் ஜங்ஷனிலிருந்து சுமார் நாலு மணி நேரத்தில் சென்ட்ரலிலேயே இறக்கிவிடும். ஆக பாரிமுனை, எழும்பூர் பக்கம் வேலை என்றால் விமானத்துக்குக் கொடுக்கும் காசு வீண். கிண்டி, தாம்பரம், ஓஎம்ஆர் பக்கம் என்றால் ஒரு மணி நேரமாவது மிச்சம்.

ஒரு குறை. மழை நாளில் ரத்து என்று கடைசி நேரத்தில் குறுஞ்செய்தி வந்தது. பணம் திரும்பி வந்தது, போக வேண்டிய வேலை நடக்கவில்லை. தள்ளிப்போட முடியாத வேலை என்றால் முதல் நாள் இரவே ஏற்காடு எக்ஸ்பிரஸில் படுத்துவிடுகிறேன்.

சேலத்திலிருந்து பெங்களூரு நேர்கோட்டில் 160 கிலோமீட்டர்தான். அங்கே தேவனஹள்ளி விமான நிலையத்தில் வேறு விமானம் பிடிக்கிறவர்களைத் தவிர மற்றவர்களுக்குக் கார் போதும். உண்மையில் லாபம் ஹைதராபாத்தில்தான். 600 கிலோமீட்டர் சொச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் கடக்கலாம், ரயிலில் அரை நாளுக்கு மேல் ஆகும்.