கியர் பெட்டிக்கு எந்த ஒயில்? லொறி, டிப்பர்களில் நீண்டகாலப் பாவனையில் கண்டவை

யாழ்ப்பாணத்துக் கராஜ்களில் கியர் பெட்டிக்கும் டிஃபரன்ஷலுக்கும் (பின் அச்சில் சில்லுகளுக்கு விசை பிரிக்கும் பற்சக்கரப் பெட்டி) ஒரே பரலில் இருந்து ஒயில் ஊற்றும் பழக்கம் இன்னும் போகவில்லை. பரலில் இருப்பது பெரும்பாலும் 85டபிள்யூ-140, ஜிஎல்-5. முதலாவது தடிப்பின் அளவு, இரண்டாவது சேர்மானத்தின் தரம். "வெயில் ஊர், தடித்த ஒயில்தான் தாங்கும்" என்பார்கள். டிஃபரன்ஷலுக்குச் சரி. சிங்குரோ உள்ள கியர் பெட்டிக்கு அது பிழை.

சிங்குரோ வளையம் உரசித்தான் கியரின் வேகத்தைச் சமப்படுத்தும். ஜிஎல்-5 டிஃபரன்ஷலின் ஹைப்பொயிட் (பாரத்தோடு சறுக்கி உரசும்) பற்களுக்காக வந்த தரம். கந்தக, பொஸ்பரஸ் சேர்மானம் ஜிஎல்-4 இல் உள்ளதைவிட ஏறக்குறைய இருமடங்கு. அந்த வழுக்கலில் வளையம் பிடிக்காது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கியர் கத்தத் தொடங்கும். சூடு ஏறினால் சில ஜிஎல்-5 ஒயில்கள் வளையத்தின் பித்தளையையும் அரிக்கும். எல்லாம் அரிக்கும் என்பது மிகை. 140 இன் தடிப்பு இன்னொரு கரைச்சல்: காலையில் கியர் விழ மறுக்கும், ஓட்டத்தில் ஒயிலைக் கடைவதிலேயே பெட்டி சூடாகும்.

எங்கள் தெரிவு 80டபிள்யூ-90, ஜிஎல்-4, சாதாரண மினரல். குடாநாட்டுக்குள் ஓடும் லொறிக்கு அது தாராளம். 'டபிள்யூ'வுக்கு முன்னுள்ள எண் குளிருக்கானது. இங்கே அதற்காகக் காசு கொடுக்கத் தேவையில்லை. சிந்தெற்றிக் 75டபிள்யூ-90 இன் பலன் வெப்பம் தாங்குவதில். ஏ9 வழியே பாரத்தோடு கண்டிக்கு ஏறுகிற வாகனத்துக்கு அந்த விலை தகும். சிங்குரோ இல்லாத கனரகப் பெட்டிக்கு எம்ரி-1 தரம் பார்க்க வேண்டும். சில பெட்டிகளுக்குக் கைநூல் எஞ்சின் ஒயிலே கேட்கும். பயப்பட வேண்டாம்: எஞ்சின் 50 உம் கியர் 90 உம் வேறு வேறு அளவுகோல், தடிப்பு கிட்டத்தட்ட ஒன்று.

மாற்றுவதென்றால் ஓடி வந்த சூட்டோடு, சமதரையில். முதலில் மேலே ஊற்றும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அது இறுகிக் கிடந்தால், வடித்த பிறகு ஊற்ற வழியில்லாமல் நிற்பீர்கள். ட்ரெயின் பிளக் காந்தத்தில் சாம்பல்நிறப் பசை இருப்பது வழமை. இரும்புச் சிம்பு வந்தால் பல் உடைகிறது. வடித்த ஒயிலில் பொன்னிறத் தூள் மினுங்கினால் சிங்குரோ தேய்கிறது. வொஷர் புதிது போடுங்கள். ஊற்றும் துளையின் கீழ் விளிம்பில் ஒயில் வழியத் தொடங்கியதும் நிறுத்துங்கள். 'இன்னும் அரை லீற்றர் இருக்கட்டும்' என்று கூட்டினால் நுரைக்கும், சூடேறும், முன் சீல் வழியே கிளட்ச் தட்டு நனையும். அளவு சரியாக இருந்தும் சீல் கசிந்தால் பிறீதரை (பெட்டியின் காற்றுப் போக்கியை) கழற்றி ஊதுங்கள். செம்மண் அடைத்து உள்ளே அமுக்கம் ஏறியிருக்கும்.

மாரியில் வெள்ளத்துக்குள் இறங்கிய வாகனத்தை வேறு விதமாகப் பார்க்க வேண்டும். சூடான பெட்டி தண்ணீரில் சட்டென்று குளிரும்போது பிறீதர் வழியே நீரை உறிஞ்சும். ஒயில் பால்நிறமானால் கிலோமீற்றர் கணக்குப் பார்க்காமல் உடனே வடியுங்கள். கைநூல் 40,000 கிலோமீற்றர் சொன்னாலும், மணலோ கல்லோ ஏற்றித் தாழ்ந்த கியரிலேயே ஓடும் டிப்பருக்கு அதில் பாதிதான் எங்கள் கணக்கு.

டிப்பரில் இன்னொன்று. ஊற்றாமலே கியர் பெட்டியின் ஒயில் மட்டம் ஏறியிருந்தால், பீரிஓவில் (கியர் பெட்டியிலிருந்து விசை எடுக்கும் இணைப்பில்) பூட்டிய, பெட்டியைத் தூக்கும் ஹைட்ரோலிக் பம்பின் ஷாஃப்ட் சீல் போய் ஹைட்ரோலிக் ஒயில் உள்ளே இறங்குகிறது என்று சந்தேகியுங்கள். சீலை மாற்றிய பிறகே புது ஒயில்.