பிரேம் தங்கம், டிஸ்க் தகரம்: மூன்று வருடம் ஓட்டிய ஹார்ட்டெயில்

நான் மூன்று வருடமாக ஓட்டும் இந்த ஹார்ட்டெயிலின் (முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மலைச் சைக்கிள்) விலையில் 400 மலேசிய வெள்ளி குறைத்துவிட்டார்கள், இப்போது வாங்கலாமா என்று இந்த வாரம் மட்டும் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். அலுமினிய பிரேம், முன்னால் 120 மில்லிமீட்டர் அமுங்கும் ஃபோர்க், 29 அங்குலச் சக்கரம் என்பதையெல்லாம் கடைக்காரரே சொல்வார். பிரேக் டிஸ்க்கில் பொடி எழுத்தில் பொறித்திருக்கும் மூன்று சொற்களை அவர் சொல்ல மாட்டார்: 'ரெசின் பேட் ஒன்லி', அதாவது ரெசின் பேட் மட்டுமே போடலாம். காசைக் கொடுக்கும் முன் குனிந்து அதைப் படியுங்கள். மூன்று வருடத்தில் இந்த சைக்கிளுக்குப் போன செலவில் பெரும்பங்கு அந்த மூன்று சொற்களால் வந்தது.

பேட் என்பது டிஸ்க்கை இருபுறமும் அழுத்திச் சக்கரத்தை நிறுத்தும் கட்டை. ரெசின் பேட் என்பது நாரையும் பொடியையும் பிசினில் பிணைத்து அழுத்தியது. சத்தம் போடாது, சூடேறும் முன்பே நன்றாகப் பிடிக்கும். காய்ந்த ஊருக்கு அருமையான பொருள். கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை, அதுவும் பெரும்பாலும் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில். ஃபெடரல் நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் பாதையில் தேங்கும் தண்ணீரில் மணல், டயர் தூள், எண்ணெய் மூன்றும் கலந்திருக்கும். ஞாயிறு புக்கிட் கியாரா காட்டுப் பாதைக்குப் போனால் செம்மண் களி. இந்தக் குழம்பு பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் புகுந்தால் உப்புத்தாள் வேலைதான் செய்யும். பிசின் அதற்குத் தாங்காது.

பின் பேட் முதலில் தீரும். இரண்டு டயரும் வாரியடிக்கும் சேறு பின் காலிப்பரில்தான் (பேடுகளைப் பிடித்திருக்கும் பகுதி) போய் அப்புகிறது. வழுக்கும் வேர்களில் இறங்கும்போது முன் பிரேக்கைத் தொடப் பயந்து பின்னதையே இழுத்துக்கொண்டு வருவதும் ஒரு காரணம். தினம் 24 கிலோமீட்டர், வாரம் ஒரு கியாரா என்று ஓட்டினால் அக்டோபர், நவம்பரில் பின் பேட் ஐந்து வாரம் வரும். மழை விட்ட மாதங்களில் அதே பேட் நான்கு மாதம் உழைக்கிறது.

தேய்மானத்தை பிரேக் லீவரை வைத்துக் கணக்கிடாதீர்கள். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கில் பேட் தேயத் தேய அதைத் தள்ளும் பிஸ்டன் தானாக முன்னால் நகர்ந்துகொள்ளும், கைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. கரகரவென்று இரும்பு உரசும் சத்தம் கேட்கிறது என்றால் பேட் ஸ்பிரிங்கோ பின் தகடோ டிஸ்க்கைத் தொட்டுவிட்டது என்று பொருள். அது ஜாலான் மாரோப் இறக்கத்தில் சிவப்பு விளக்குக்கு முன் தெரியவந்தால் நல்லதல்ல. வாரம் ஒரு முறை டார்ச் அடித்து மேலிருந்து காலிப்பருக்குள் பாருங்கள். தகட்டை விட்டுவிட்டு உராயும் பகுதியை மட்டும் பார்க்க வேண்டும். 1 மில்லிமீட்டர் வந்ததும் புதிய பேட் வாங்கிவையுங்கள். 0.5 வந்தால் அன்றே மாற்றுங்கள்.

மெட்டல் பேட் போட்டால் தீர்ந்தது என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. பேட் உள்ளே கச்சிதமாகப் பொருந்தும், அதுதான் ஏமாற்றுகிறது. இந்த டிஸ்க்கின் எஃகு மென்மையானது. உலோகப் பொடியை அழுத்திச் சுட்டுச் செய்த பேட் அதைச் சுரண்டித் தின்றுவிடும். புதிதில் 1.8 மில்லிமீட்டர் இருக்கும் டிஸ்க்கை 1.5க்குக் கீழே ஓட்டக் கூடாது என்று அதிலேயே பொறித்திருக்கிறது. ஆகவே டிஸ்க்கை மாற்றாமல் பேடை மட்டும் மாற்றுவது வீண்.

டிஸ்க்கை மாற்றுவது கடினமில்லை, ஆனால் ஆறு டி25 போல்ட்டுகள் (நட்சத்திரக் குழி உள்ளவை) பொறுமையைச் சோதிக்கும். ஆலையிலேயே பசை போட்டு இறுக்கியிருப்பார்கள். மலிவான சாவியால் திருகினால் தலை உருண்டுவிடும், பிறகு துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும். நல்ல சாவியை முழு ஆழத்துக்குச் சிறு சுத்தியால் தட்டி இறக்கிவிட்டுத் திருகுங்கள். புதிய டிஸ்க்கை எதிரெதிர் போல்ட்டாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். 4 நியூட்டன் மீட்டர் (இறுக்கத்தின் அளவு) போதும். டிஸ்க்கின் முகத்தில் விரல் படவே கூடாது.

பழைய பேட் உள்ளே இருக்கும்போதே பிளாஸ்டிக் டயர் லீவரால் பிஸ்டன்களை உள்ளே தள்ளிவிடுங்கள். வெறும் பிஸ்டனைத் தள்ளினால் விளிம்பு உடையலாம். புதிய பேட் போட்டபின் காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்தபடியே 6 முதல் 8 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். பிறகு காய்ந்த சாலையில் 20 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு, சக்கரம் பூட்டாமல், இருபது முறை பிரேக் பிடியுங்கள். இதைச் செய்யாமல் நேரே மழையில் இறங்கியவர்கள்தான் மெட்டல் பேட் பிடிக்கவில்லை என்று குறைசொல்கிறார்கள்.

கீச்சிடுகிறதா? பெரும்பாலும் எண்ணெய். சங்கிலிக்கு ஸ்பிரே அடிப்பதை நிறுத்துங்கள், ஒரு இணைப்புக்கு ஒரு சொட்டு விட்டுத் துடைத்துவிட்டால் போதும். லேசாகப் பட்டிருந்தால் பேடை 120 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, டிஸ்க்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் திரும்பிவிடும். ஊறிப்போன பேடை அடுப்பில் சுட்டுப் பார்ப்பதெல்லாம் வீண் வேலை, தூக்கிப் போடுங்கள்.

நியாயமாகச் சொன்னால் இந்த சைக்கிளின் மற்ற எதிலும் குறையில்லை. காலிப்பர் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சின் பேரிங்) மரை போட்டது, இத்தனை மழைக்கும் ஒரு முனகல் இல்லை. பின்னால் கேரியர் மாட்ட மரைத்துளைகள் விட்டிருக்கிறார்கள், இந்த வகை சைக்கிள் எல்லாவற்றிலும் அது இருக்காது. வெள்ளிக்கிழமை வரை பை தொங்கும். சனி இரவு நான்கு போல்ட்டைக் கழற்றி, டியூப்லெஸ் டயரில் காற்றை 35 பி.எஸ்.ஐ.யிலிருந்து 23க்கு இறக்கினால் கியாராவுக்குத் தயார். இந்த விலையில் இப்படி இரண்டு வாழ்க்கை வாழும் பிரேமை வேறெங்கும் பார்க்கவில்லை.

இருந்தும், வாங்கலாமா என்றால் வேண்டாம் என்றே சொல்வேன். கெட்டியான எஃகு டிஸ்க் சில பத்து வெள்ளிதான் கூடுதல். இவ்வளவு யோசித்து பிரேம் செய்தவர்கள், மழை பெய்யும் நாட்டுக்கு அனுப்பும் வண்டியில், உயிரைப் பிடித்து நிறுத்தும் பாகத்தில் அந்தக் காசை மிச்சம் பிடித்ததை மன்னிக்க முடியவில்லை. மனம் அதிலேயே நிற்கிறது என்றால், டிஸ்க்கை மாற்றித் தந்தால்தான் எடுப்பேன் என்று கடையிலேயே பேசுங்கள். விட்டம் முன்னால் 180, பின்னால் 160 மில்லிமீட்டர், ஆறு போல்ட், மெட்டல் பேடுக்கு ஏற்றது. வாய்ப்பேச்சாக விடாமல் ரசீதில் எழுதி வாங்குங்கள்.