கோத்தகிரி, குன்னூர் பக்கம் வீடு வாங்குபவர்களுக்கு: புரோக்கர் கூட்டி வரும் ஆய்வாளரை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்

மலையில் வீடு வாங்க நினைப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். கோத்தகிரிக்குப் பக்கத்தில் நாங்கள் வாங்கிய வீட்டுக்கு, "பெரிய குறை எதுவும் இல்லை, வாங்கலாம்" என்று ஓர் ஆய்வு நிறுவனம் அறிக்கை கொடுத்தது. அதற்கு 15,000 ரூபாய் கட்டணமும் வாங்கியது. அந்த வருட ஐப்பசி மழையிலேயே வீட்டின் பின்னால் மண்மேட்டைத் தாங்கி நிற்கும் தடுப்புச் சுவர் வயிறு தள்ளிக்கொண்டு வந்தது. படுக்கையறைச் சுவரில் தண்ணீர் வழிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த அறிக்கை "நன்று" என்று குறித்திருந்த குளியலறையில் என் அம்மா மயங்கி விழுந்தார்.

புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரையும் ஆட்களின் பெயரையும் எழுதவில்லை. இதே வேலையை வேறு பெயரிலும் செய்வார்கள். அதனால் எப்படிச் செய்தார்கள் என்பதைச் சொல்கிறேன்.

நாங்கள் வீடு பார்த்தது மாசி மாதம். நல்ல வெயில், காய்ந்த சுவர், பளிச்சென்று புதுப் பெயின்ட். விலை பேசி முடிக்கும் முன் யாராவது விவரம் தெரிந்தவரை வைத்து வீட்டைப் பரிசோதிக்க வேண்டும் என்று கேட்டோம். புரோக்கர் உடனே, "அதுக்கென்னங்க சார், நம்ம ஆளு ஒருத்தர் இருக்காரு, மெஷின் எல்லாம் வச்சுப் பார்ப்பாரு" என்றார். சமவெளியிலிருந்து வந்தார் அந்த ஆய்வாளர். ஈரம் அளக்கும் கருவி, வெப்பக் கேமரா, லேசர் மட்டம் எல்லாம் வைத்திருந்தார். வீட்டுக்குள் அறை அறையாகச் சுற்றினார். பின்பக்கம் போகவே இல்லை. செருப்பில் சேறு ஒட்டாமல் வேலையை முடித்துக்கொண்டு போனார்.

அறிக்கை வந்தது, 40 பக்கத்துக்கு மேல், கலர் படங்களோடு. எந்த டைல்ஸ் தட்டினால் பொள்ளல் சத்தம் வருகிறது, எந்தக் கதவுக் கீல் கிறீச்சிடுகிறது, எந்தக் குழாயில் தண்ணீர் மெதுவாக வருகிறது என்று பக்கம் பக்கமாக இருந்தது. வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மண்மேட்டைப் பற்றி ஒரே ஒரு வரி: "வெளிப்புறம் திருப்திகரம்." கிரயம் முடிந்த பிறகு ஒரு நாள் அறிக்கையை வரி வரியாகப் படித்த என் தங்கைதான் ஒரு படத்தைக் காட்டினாள். "படுக்கையறை ஜன்னல்" என்று போட்டிருந்த அந்தப் படத்தில், கண்ணாடிக்கு வெளியே தென்னை மரம் நின்றது. கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரம். இந்தக் குளிரில் தென்னை எங்கே வளரும்? வேறு ஏதோ ஊர் வீட்டுக்கு எழுதிய அறிக்கையில் எங்கள் முகவரியை மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

ஈரம் அளக்கும் கருவியைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைக் காட்டித்தான் நம்ப வைக்கிறார்கள். மாசி, பங்குனியில் புதிதாகப் பட்டி பூசிப் பெயின்ட் அடித்த சுவரில் அதை வைத்தால் "உலர்ந்தது" என்றுதான் காட்டும். கருவி பொய் சொல்லவில்லை, அன்றைக்குச் சுவர் காய்ந்துதான் இருந்தது. நீலகிரியில் மழை எல்லா இடத்திலும் ஒரே காலத்தில் பெய்வதில்லை. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கோத்தகிரி, குன்னூர் போன்ற கிழக்குச் சரிவுகளுக்கு வடகிழக்குப் பருவமழைதான் சோதனைக் காலம். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, ஊட்டிப் பக்கமெல்லாம் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்ததும் அந்த மழையில்தான். அதனால் இந்தப் பக்கம் வீடு வாங்குகிறவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு முறையாவது, மழை பெய்து கொண்டிருக்கும்போது, குடை பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். விற்கிறவர் அதற்குள் வேறு ஆள் வந்துவிடுவார் என்று அவசரப்படுத்தினால் போகட்டும், வேறு வீடு கிடைக்கும்.

சுவரில் தண்ணீர் இறங்கிய அன்று பக்கத்து வீட்டு அம்மா வந்து எட்டிப் பார்த்தார். "இந்தச் சுவத்துக்குப் பின்னால ஊத்து இருக்குதுங்க தம்பி. மழை புடிச்சா வந்துரும். முன்னாடி இருந்தவங்க சிமென்ட் போட்டு அடைச்சுட்டாங்க" என்றார். முப்பது வருடமாக அங்கே இருப்பவர். பதினைந்தாயிரம் வாங்கிய ஆய்வாளர் வேலி ஓரம் நின்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். எனக்கு இன்றும் ஆறாத கோபம் இதில்தான்.

உள்ளூர் மேஸ்திரி ஒருவர் வந்து தடுப்புச் சுவரின் பூச்சைக் கொத்திப் பார்த்தார். ஊற்றுத் தண்ணீர் வெளியே வர முன்பு குழாய் விட்டிருக்கிறார்கள். சுவர் அழுக்காகத் தெரிகிறது என்று அதன் வாயையும் சேர்த்து யாரோ பூசி மெழுகியிருக்கிறார்கள். இங்கே பாறைக்கு மேல் செம்மண் ஆழமாகப் படிந்திருக்கிறது. மழையில் தண்ணீர் ஊறினால் அந்த மண்ணின் கனம் கூடும், ஒன்றை ஒன்று பிடித்து நிற்கும் வலு குறையும். உள்ளே தேங்கிய தண்ணீர் போக வழியில்லை என்றால் அதன் அழுத்தம் முழுவதும் சுவர் மேல்தான். எவ்வளவு கனமான கல் சுவராக இருந்தாலும் ஒரு கட்டத்தில் முன்னால் வந்துவிடும். எங்கள் சுவரைப் பாதி பிரித்து, பின்னால் ஜல்லி கொட்டி, ஐந்தடிக்கு ஒரு குழாய் வீதம் வடிதுளை விட்டு, மேட்டுத் தண்ணீரைத் திருப்ப மேலே ஒரு கால்வாய் வெட்டிக் கட்டியதில் ஆன செலவு, வீடு வாங்கும்போது பேரம் பேசிக் குறைத்த தொகையைப் போலப் பல மடங்கு.

அந்த மேஸ்திரி எனக்குக் காட்டியதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன். வீட்டுக்குள் நுழையும் முன் பின்பக்கம் போங்கள். மேட்டைச் செங்குத்தாக வெட்டியிருக்கிறார்களா, வெட்டிய இடத்துக்கும் வீட்டுச் சுவருக்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். தடுப்புச் சுவரில் வடிதுளை இருக்கிறதா, அதன் வாயில் தண்ணீர் வந்த கறை இருக்கிறதா பாருங்கள். மழை முடிந்தும் ஒரு சொட்டுக் கறைகூட இல்லாத துளை அடைத்துக் கிடக்கலாம். சுவரில் படுக்கை வாட்டில் ஓடும் விரிசலும் பிதுக்கமும் ஆபத்தின் அடையாளம். மேட்டில் இருக்கும் சில்வர் ஓக் மரங்களின் அடிப்பகுதி வளைந்து மேலே நிமிர்ந்திருந்தாலும், வேலிக் கற்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தாலும் மண் மெல்ல நகர்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் பள்ளத்துப் பக்கம் இறங்கிப் பாருங்கள். பாதி வீடு வெட்டிய தரையிலும் பாதி வீடு கொட்டி நிரப்பிய மண்ணிலும் நிற்கும் கட்டடங்கள் இங்கே நிறைய. நிரப்பிய மண் இறங்க இறங்க இரண்டும் சேரும் இடத்தில் மாடியிலிருந்து தரை வரை விரிசல் விடும். அந்த இடத்தில் மட்டும் பெரிய அலமாரியோ, புதிதாக ஒட்டிய சுவர்க் காகிதமோ, மரப் பலகை வேலைப்பாடோ இருந்தால் நகர்த்திக் காட்டச் சொல்லுங்கள். மேல் வீட்டுக்காரரின் சாக்கடையும் மழைத் தண்ணீரும் எங்கே வந்து விழுகின்றன என்பதையும் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

இனி குளியலறை. குளிர் ஊர்களில் இருக்கும் எல்லோரும் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும், வாடகைக்கு இருப்பவர்களும் கூட.

வீட்டோடு ஒரு கேஸ் கீசரும் வந்தது, குளியலறைக்கு உள்ளேயே மாட்டியது. புகை வெளியே போகக் குழாய் இல்லை. குளிர்காற்று வராமலிருக்க ஜன்னல் இடுக்குகளைச் சிலிக்கான் வைத்து அடைத்திருந்தார்கள். அறிக்கையில் "சுடுநீர் வசதி: இயங்குகிறது, நன்று" என்று இருந்தது. அம்மாவுக்குக் குளித்துவிட்டு வந்தால் தலைவலி, குமட்டல். வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் சரியாகிவிடும். ஒரு நாள் காலையில் உள்ளேயே விழுந்துவிட்டார். தாழ்ப்பாளை உடைத்து வெளியே தூக்கி வந்தோம். மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "பாத்ரூம்ல கேஸ் கீசரா?"

காற்றோட்டம் இல்லாத சின்ன அறையில் கேஸ் எரிந்தால் அறையின் ஆக்சிஜன் குறையும், சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. சிலிண்டர் கசிந்தால் நமக்கு வாடை வருவது அதற்காகவே சேர்க்கும் ஒரு பொருளால்தான், இந்த வாயுவில் அப்படி எதுவும் கிடையாது. இது ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, கைகால் தளர்ச்சி என்று வரும், எழுந்து கதவைத் திறக்கும் நேரத்தில் உடம்பு கேட்காது. வீட்டுக்குள் தலைவலி, வெளியே போனால் தெளிவு என்று இருந்தால் அதை ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். கேஸ் கீசர் என்றால் வெளியே, காற்றோட்டமான இடத்தில்தான் மாட்ட வேண்டும். இரவில் அறைக்குள் கரி அடுப்பு மூட்டிக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவதும் இதே ஆபத்துதான். கார்பன் மோனாக்சைடு இருந்தால் ஒலி எழுப்பும் சின்னக் கருவிகள் கடையில் கிடைக்கின்றன. எங்கள் வீட்டில் இப்போது கீசர் கரண்டில் ஓடுகிறது, கணப்பு இருக்கும் அறையில் அந்தக் கருவி மாட்டியிருக்கிறோம். அம்மா நலமாக இருக்கிறார்.

கீசரை மாற்ற வந்த எலெக்ட்ரிசியன்தான் அடுத்ததைக் கண்டுபிடித்தார். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழியே வீட்டுக்கு இல்லை. ஒவ்வொரு பிளக் பாயின்ட்டிலும் எர்த் முனையை, மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் முனையோடு ஒரு துண்டு வயர் போட்டு இணைத்திருந்தார்கள். ஆய்வாளர் பிளக்கில் செருகிப் பார்த்த மூன்று விளக்கு டெஸ்டர் இதைக் கண்டுபிடிக்காது. எர்த் சரியாக இருப்பதாகவே காட்டும். ஆனால் நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் என்று எல்லாவற்றின் உடம்பிலும் 230 வோல்ட் ஏறி நிற்கும். மின்கசிவு வந்தால் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்சும் மெயின் போர்டில் இல்லை. எர்த் குழி எங்கே என்று கேளுங்கள், மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எர்த் அளக்கும் கருவி வைத்திருக்கும் எலெக்ட்ரிசியனை நீங்களே கூட்டிப் போங்கள்.

காகிதத்தைப் பற்றிச் சுருக்கமாக. ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரு மாடி, பள்ளத்துப் பக்கம் போனால் கீழே இன்னொரு தளம் என்று இருக்கும் வீடுகளில், அந்தக் கீழ்த்தளம் அனுமதி பெற்ற வரைபடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நீலகிரியில் கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் கட்டுப்பாடு உண்டு. அனுமதியில்லாத கட்டடங்களுக்குச் சீல் வைப்பதும் நடக்கிறது. வில்லங்கச் சான்றில் இது எதுவும் வராது. நகராட்சியிலோ ஊராட்சியிலோ வரைபடத்தைக் கேட்டு வாங்கி, கட்டடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் உண்டு.

நம் நாட்டில் வீட்டை ஆய்வு செய்கிறவர் என்று சொல்லிக்கொள்ளத் தனி உரிமம் எதுவும் தேவையில்லை. கருவி வாங்கியவர் எல்லோரும் ஆய்வாளர் ஆகலாம். ஆகவே ஆளை நீங்கள் தேடுங்கள், பணத்தை நீங்கள் நேரடியாகக் கொடுங்கள், புரோக்கருக்கு அவரைத் தெரியக்கூடக் கூடாது. மலையில் கட்டட வேலை பார்த்த சிவில் இன்ஜினியர் ஒருவர், உள்ளூர் மேஸ்திரி ஒருவர், எலெக்ட்ரிசியன் ஒருவர், இந்த மூவரும் தனித்தனியாகப் பார்த்தாலும் எங்களிடம் வாங்கிய தொகையைவிட அதிகம் ஆகாது. பின்பக்க மேடு, தடுப்புச் சுவர், வடிகால், எர்த், கீசர் எல்லாம் பார்க்கப்படும் என்று வேலை தொடங்கும் முன் எழுத்தில் வாங்குங்கள். எங்கள் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், "கண்ணுக்குத் தெரியாத குறைகளுக்கு நிறுவனம் பொறுப்பல்ல" என்று இருந்தது. பின்பக்கம் போகாதவர் கண்ணுக்கு எது தெரியும்?

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் சும்மா விட்டுவிடாதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு வேலையைச் சரியாகச் செய்யாதது சேவைக் குறைபாடு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். ரசீது, அறிக்கை, அவர்களோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். சுவரைப் பிரிக்கும் முன் தேதியோடு படமும் வீடியோவும் எடுத்து வையுங்கள். விற்றவருக்கும் பொறுப்பு உண்டு. தனக்குத் தெரிந்த, வாங்குகிறவர் சாதாரணமாகப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறையை அவர் சொல்லியாக வேண்டும் என்று 1882-ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு சொல்கிறது. ஊற்றை மறைத்துப் பூசியதைக் காட்டி அவருக்கும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம்.

இந்தப் பக்கம் வீடு பார்த்துக்கொண்டிருப்பவர்கள், உங்களிடம் ஏதாவது ஆய்வு அறிக்கை கொடுத்திருந்தால் எங்களுடையதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கேளுங்கள், நகல் அனுப்புகிறேன்.