பிரானூர் பார்டரில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை: போகலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடையின் பெயரை இங்கே எழுதவில்லை, ஏனென்றால் அதற்குப் பெயரே கிடையாது. செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூர் பார்டரில் பரோட்டா கடைகள் வரிசையாக இருக்கும் இடத்தில், இரண்டு கடைகளுக்கு நடுவே ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய படி ஒன்று உண்டு. மேலே போனால் ஒரே அறை, மூன்று மேசை, உரித்துப் போட்ட சிபியூக்கள், நடுவில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு தம்பி. போர்டு வைக்கவில்லையா என்று கேட்டேன். “வச்சா ஆள் வரும்க்கா, நான் ஒத்த ஆளு” என்றான். அதனால் இதைப் படித்துவிட்டு எல்லோரும் ஒரே நாளில் போய் நிற்காதீர்கள்.

எனக்குச் செங்கோட்டையில் டிடிபி, ஜெராக்ஸ் கடை. வருமானத்தில் பெரும்பகுதி கல்யாணப் பத்திரிகை. இந்தப் பக்கம் மாப்பிள்ளை, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் பக்கம் பொண்ணு என்று நிறைய வரும், அதனால் ஒரு பக்கம் தமிழ், மறு பக்கம் மலையாளம். எல்லாமே பேஜ்மேக்கர் 7 என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்து வைத்தது, எழுத்துரு தமிழுக்குப் பாமினி, மலையாளத்துக்குக் கார்த்திகா, ரேவதி. இப்போது எல்லோரும் பயன்படுத்தும் யூனிகோடு எழுத்து முறைக்கு மாறுங்கள் என்று சொல்பவர்கள் என்னிடம் இருக்கும் ஆயிரக்கணக்கான பழைய ஃபைல்களை முதலில் வந்து பார்க்கட்டும். இவ்வளவையும் விண்டோஸ் 7 போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டர் சுமந்துகொண்டிருந்தது. ஆனி மாதம் சாரல் பிடித்த வாரத்தில் அதன் எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட் கொடுக்கும் பெட்டி) புகைந்து, மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போனது. ஹார்டு டிஸ்க் தப்பித்தது, அது குற்றாலநாதர் புண்ணியம். ஆடியில் முகூர்த்தம் இல்லை, உனக்கென்ன அவசரம் என்று வீட்டில் கேட்டார்கள். ஆவணிக் கல்யாணத்துக்கு ஆடியில்தானே பத்திரிகை அடிக்க வேண்டும்? மலையாளத்துக்காரர்களுக்கும் அதே கணக்கு, சிங்ஙம் மாதம் பிறந்தால் கல்யாணம்.

மகன் லீவில் வந்திருந்தான். கடைகளில் வாங்க வேண்டாம்மா, நானே சேர்த்துத் தருகிறேன் என்று ஆன்லைனில் ஒவ்வொன்றாக வரவழைத்தான். இன்டெல் 11-வது தலைமுறை ஐ5, அதற்கு ஏற்ற போர்டு, 16 ஜிபி ராம், ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக, போர்டிலேயே ஸ்க்ரூ போட்டுப் படுக்க வைக்கும் எம்.2 எஸ்எஸ்டி. கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம், புராசஸருக்குள்ளேயே இருக்கிறது என்றான். டிவிடி டிரைவை மட்டும் செத்துப்போன கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி மாட்டினான். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கூடத்தில் உட்கார்ந்து சேர்த்தான், ஃபேன் சுற்றியது, திரை வந்தது, ரெண்டு பேரும் கைதட்டினோம். பிறகு அவன் பொதிகையைப் பிடித்துச் சென்னைக்குப் போய்விட்டான். டிவிடியைப் போட்டு விண்டோஸை ஏற்றுவது மட்டும் என் வேலை.

டிவிடியைப் போட்டால் சர்ரென்று சுற்றும், பச்சை விளக்கு மினுங்கும், பிறகு அடங்கிவிடும், திரையில் பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்னால் போர்டே காட்டும் செட்டிங் பக்கம், வந்து நிற்கும். மறுபடி ஆன் செய்தாலும் அதே கதைதான். வீடியோ காலில் மகன் சொன்னபடி பூட் வரிசையை (கம்ப்யூட்டர் எதிலிருந்து எழ வேண்டும் என்ற பட்டியலை) தேடினேன், எஃப்12 அழுத்தினேன், டிவிடி என்ற பெயரே பட்டியலில் இல்லை. “ட்ரே திறக்குதுல்லமா, அப்ப டிரைவ் நல்லா இருக்கு” என்றான் அவன். நானும் நம்பினேன். நாலு நாள் போனது இதில்.

அஞ்சாவது நாள் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, ஏசி, சோபா எல்லாம் போட்டிருக்கும் ஒரு பெரிய சர்வீஸ் கடைக்குப் போனேன். ஊரையும் பெயரையும் விட்டுவிடுகிறேன். பார்ப்பதற்கே 500 ரூபாய் என்றார்கள், கட்டினேன். சாயங்காலம் போன் வந்தது, “மேடம், மதர்போர்டு போயிடுச்சு, மாத்தணும், 7,500 ஆகும்.” திரை வருகிற போர்டு எப்படிப் போயிருக்கும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்குப் பேப்பர் சப்ளை செய்கிறவர்தான் இந்தப் படியைக் காட்டினார்.

தம்பி முதலில் எதையும் கழற்றவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. என்ன டிஸ்க், எந்த வருஷம் வாங்கியது, எதற்காக விண்டோஸ் 7, யார் சேர்த்தது, கடைசியாக என்ன தொட்டீர்கள் என்று டாக்டர் மாதிரிக் கேட்டுவிட்டு, என் டிவிடியை அவனுடைய ஒரு கிழட்டு கம்ப்யூட்டரில் போட்டான். அதில் உடனே ‘ஸ்டார்ட்டிங் விண்டோஸ்’ வந்தது. சரி, டிஸ்க் மேல் குற்றமில்லை. அப்புறம் என் கம்ப்யூட்டரின் பயாஸைத் திறந்து, எந்த வாசலில் எது மாட்டியிருக்கிறது என்று காட்டும் பக்கத்துக்குப் போனான். டிவிடி டிரைவின் டேட்டா கேபிள் மாட்டியிருந்த சாட்டா வாசலுக்கு நேரே ‘காலி’ என்று இருந்தது.

ட்ரே திறக்கிறதே, விளக்கு எரிகிறதே என்று மகன் சொன்னதையே நானும் சொன்னேன். “அது கரண்டுக்கா, கரண்ட் ஒயர் வேற, டேட்டா ஒயர் வேற.” போர்டோடு வந்த புத்தகத்தைப் பிரித்து ஒரு மூலையில் இருந்த பொடி எழுத்தைக் காட்டினான். எம்.2 இடத்தில் சாட்டா வகை எஸ்எஸ்டியைப் போட்டால், இந்த போர்டில் ஒரு சாட்டா வாசல் தானாக மூடிக்கொள்ளும், இரண்டுக்கும் பாதை ஒன்றுதான். எல்லா போர்டிலும் இப்படி இல்லையாம், எந்த வாசல் மூடும் என்பதும் போர்டுக்குப் போர்டு மாறுமாம். என் மகன் நாலு வாசலில் சரியாக அந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டி வாங்குகிறேன் என்று நினைத்து, வடிவம் ஒன்றாக இருப்பதால், சாட்டா வகையை வாங்கியிருக்கிறான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அதை அவனிடம் நான் தனியாகக் கேட்டுக்கொண்டேன்.

கேபிளைப் பக்கத்து வாசலுக்கு மாற்றியதும் டிரைவின் பெயர் பட்டியலில் வந்தது. எழுந்து பர்ஸைத் திறந்தேன். “உக்காருங்கக்கா, இன்னும் இருக்கு” என்றான். எஃப்12 அழுத்தினால் இப்போதும் டிவிடியைக் காணோம்! ஆனால் அவன் தன்னுடைய லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இன்னொன்று) டிவிடியைப் போட்டதும், டிரைவின் பெயருக்கு முன்னால் யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த புது முறை) என்று சேர்த்து ஒரு வரி வந்தது, நேராக உள்ளே போய்விட்டது. ஆக டிரைவ், கேபிள், போர்டு, என் டிஸ்க் எல்லாமே தனித்தனியாக நல்லவை. ஜாதகம்தான் சேரவில்லை.

இதற்கு அவன் சொன்ன விளக்கத்தை நான் இதுவரை பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன். “கேரளா பார்டர் எங்கன்னு கேட்டா நம்ம எல்லாரும் இந்த இடத்தத்தான் காட்டுவோம். ஆனா செக்போஸ்ட் புளியரைல இருக்கு. 1956-லயே பார்டர் அங்க போயாச்சு, இங்க பேரு மட்டுந்தான் நிக்குது. உங்க டிஸ்க் 64 பிட் இல்ல, பழைய 32 பிட் டிஸ்க்கு, அதுக்குப் பழைய பார்டர் மட்டுந்தான் தெரியும். அங்க போயி சீட்டக் கையில வச்சுக்கிட்டு நிக்குது, வாங்க ஆள் இல்ல.”

விஷயம் இதுதான். ஒரு டிவிடியிலிருந்து கம்ப்யூட்டர் எழ வேண்டுமென்றால் டிவிடிக்குள் எங்கே பார்க்க வேண்டும் என்று 1995-ல் ஐபிஎம், ஃபீனிக்ஸ் என்ற இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து ஒரு விதி எழுதின. அதற்கு எல் டொரிட்டோ என்று பெயர். அது கலிஃபோர்னியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பெயர், அங்கே சாப்பிட உட்கார்ந்தபோது பேசி முடித்ததுதான் என்று ஒரு கதை உண்டாம். கீழே கல்லில் பரோட்டா தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது இதைக் கேட்டதில் எனக்கு ஒரு சந்தோஷம். அந்த விதிப்படி ஒரே டிஸ்க்கில் பழைய பயாஸுக்கு ஒரு வாசலும் யூஇஎஃப்ஐக்கு ஒரு வாசலும் வைக்கலாம். விண்டோஸ் 7-ன் 64 பிட் டிஸ்க்கில் இரண்டும் உண்டு. 32 பிட் டிஸ்க்கில் பழையது மட்டும்தான். புது போர்டுகளில் பழைய முறையை அனுமதிக்க சிஎஸ்எம் என்று ஒரு ஏற்பாடு இருக்கும். என் போர்டில் அந்த வரி சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது, மாற்ற முடியவில்லை. 11-வது தலைமுறையில் புராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸுக்குப் பழைய முறை தெரியாது, அதனால் தனி கார்டு இல்லாமல் போர்டு அதைத் திறக்க விடாது.

நிரூபிக்கவே ஒரு பழைய ஜிடி 710 கிராஃபிக்ஸ் கார்டைச் செருகிக் காட்டினான். சிஎஸ்எம் உயிர் பெற்றது, என் டிஸ்க் எழுந்தது, மொழி கேட்கும் திரை வரை வந்தது. அங்கே மவுஸ் அசையவில்லை, கீபோர்டும் செத்துக் கிடந்தது. விண்டோஸ் 7 டிஸ்க்கில் யூஎஸ்பி 3 டிரைவர் கிடையாது, புது போர்டில் எல்லா யூஎஸ்பி வாசலும் அதன் வழியாகத்தான். வட்ட முனை உள்ள பழைய பிஎஸ்2 கீபோர்டு ஒன்றைத் தூசி தட்டி மாட்டினான், அது வேலை செய்தது. “போடணும்னா போட்டுடலாம். ஆனா 16 ஜிபி வாங்கிட்டு, நாலு ஜிபிக்கு மேல எண்ணத் தெரியாத விண்டோஸப் போடப் போறீங்களா? அப்டேட் நின்னே வருஷமாச்சு.” 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நின்றது. எனக்கும் தெரியும், ஆனால் பேஜ்மேக்கர் ஓட வேண்டுமே.

அவன் சொன்ன வழி, விண்டோஸ் 11-ஐப் போட்டுவிட்டு, அதற்குள் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளில் என் விண்டோஸ் 7 டிஸ்க்கையே ஏற்றுவது. கம்ப்யூட்டருக்குள் ஒரு கம்ப்யூட்டர். உள்ளே இருப்பது பழைய மாதிரி கம்ப்யூட்டர் போல நடிப்பதால் டிஸ்க் முறைக்காமல் ஏறுகிறது. விண்டோஸ் 11-க்கு டிவிடியே வேண்டாம் என்றான், 4.7 ஜிபி டிவிடியில் அது அடங்காது, 8 ஜிபி பென்டிரைவ் வேண்டும். மறுநாள் மதியம் எல்லாம் தயார். பேஜ்மேக்கர், பாமினி, கார்த்திகா, ரேவதி, என் பழைய ஃபைல்கள் எல்லாம் அப்படியே திறந்தன. உள்ளே பிடிஎஃப் ஆக்கி, வெளியே எடுத்து பிரின்ட் போடுகிறேன். உள்ளே இருக்கும் விண்டோஸ் 7-க்கு நெட் கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி, அதைத் துண்டித்தும் விட்டான். மொத்தக் கூலி 900 ரூபாய். மதர்போர்டு ‘போயிடுச்சு’ என்று சொன்ன அதே போர்டில்தான் இந்த மாதம் நாற்பது பத்திரிகைகள் அடித்திருக்கிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பில் கேட்டால்தான் தருவான், அதுவும் துண்டுச் சீட்டில். போனை எடுப்பதே இல்லை. இரண்டு நாள் கழித்து உள்ளே வெளியே ஃபைல் மாற்றும் ஃபோல்டர் காணாமல் போய்விட்டது, பதினோரு தடவை கூப்பிட்டேன், கடைசியில் சிபியூவைத் தூக்கிக்கொண்டு அந்தப் படியில் மறுபடி ஏறினேன், மூட்டு வலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். அஞ்சு நிமிடத்தில் சரி செய்து, காசு வாங்காமல் டீ வாங்கிக் கொடுத்தான், அது வேறு விஷயம். பக்கவாட்டு மூடியின் இரண்டு ஸ்க்ரூவைத் தொலைத்துவிட்டான், ஃபேன் ஓடும்போது தகரம் அதிர்கிறது. பேச்சும் கொஞ்சம் அதிகம். எனக்குத் தமிழில் பாதி, புனலூரிலிருந்து வந்த ஒரு சேச்சிக்கு மலையாளத்தில் பாதி என்று ஒரே நேரத்தில் இரண்டு கம்ப்யூட்டரைப் பார்ப்பதால், யாருக்கு எந்தப் பதில் என்று நாம்தான் பிரித்துக்கொள்ள வேண்டும்.

போகிறவர்கள் பழைய டிஸ்க், போர்டோடு வந்த புத்தகம் இரண்டையும் கையோடு எடுத்துப் போங்கள், அவன் அதைத்தான் முதலில் கேட்பான். திரையில் என்ன வந்தது என்று போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டாலும் நல்லது. மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை பூட்டியிருக்கும். சீசன் நேரத்து ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பக்கமே வேண்டாம், அருவிக்கு வந்தவர்கள் பரோட்டாவுக்கு நிறுத்திய வண்டிகளில் படி எங்கே இருக்கிறதென்றே தெரியாது.