ஏழு சீட்டிலிருந்து இரண்டு சீட்டுக்கு: மாஸ்டா எம்.எக்ஸ்-5 ஓட்டிப் பார்த்த நான்கு நாள்

எங்கள் வண்டியில் ஏழு சீட். மூன்றாவது வரிசையைக் கடைசியாக எப்போது நிமிர்த்தினேன் என்று யோசித்தால் ஞாபகம் வரவில்லை. தணிக்கை வேலையில் 33 வருடம் இருந்தவன், எதையும் எழுதி வைக்கிற பழக்கம் உண்டு. ஓய்வு பெற்ற நாளிலிருந்து 14 மாதம், வண்டி வீட்டை விட்டுக் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் எத்தனை பேர், எவ்வளவு தூரம், எதற்கு என்று ஒரு சின்ன நோட்டில் குறித்து வந்தேன். மொத்தம் 261 தடவை. அதில் மூன்றாவது ஆள் ஏறியது ஒன்பது தடவைதான்.

'எதற்கு' என்ற கட்டத்தில் மருந்துக்கடை, வங்கி, மகள் வீடு என்று ஆரம்பித்து, போகப் போக ஒரு சொல் அடிக்கடி வருகிறது: 'சும்மா'. விடிகாலையில் எழுந்து, சாலையில் கூட்டம் சேரும் முன் மலைப்பாதையில் ஏறி இறங்கிவிட்டு வருவது. வேலைக்குப் போன காலத்தில் நேரத்துக்குப் போய்ச் சேருவதற்காக ஓட்டினேன். இப்போதுதான் ஓட்டுவதற்காகவே ஓட்டுகிறேன். அதற்கு இரண்டு டன் எடையுள்ள ஆட்டோமேட்டிக் வண்டி ஏற்றதா என்ற கேள்வி அங்கேதான் பிறந்தது.

வண்டியை மாற்றும் முன் செலவு குறைந்த வழியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். நான் பார்த்தேன். ஆறு வருடமான டயர்களை மாற்றி, நான்கு ஷாக் அப்சார்பரையும் புதிதாகப் போட்டேன். வண்டி நன்றாகவே தேறியது. மேடு பள்ளத்தில் ஆட்டம் அடங்கியது, பிரேக் போட்டால் முன்பக்கம் குத்துவது குறைந்தது. நிறையப் பேருக்கு இதுவே போதும் என்று நினைக்கிறேன். எனக்கு வண்டி மேல் நம்பிக்கை கூடியது. ஆனால் ஆசை தீரவில்லை.

அந்த ஆசை பழையது. 1989-ல் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் மாஸ்டா இந்தச் சின்ன இரண்டு சீட் காரை முதன்முதலில் காட்டியபோது எனக்கு 27 வயது. முகப்பு விளக்குகள் பானெட்டுக்குள்ளிருந்து எழுந்து நிற்கும் அந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்த்து, வெட்டி வைத்துக்கொண்டேன். அமெரிக்காவில் மியாட்டா, ஜப்பானில் ரோட்ஸ்டர், மற்ற பல நாடுகளில் எம்.எக்ஸ்-5 என்று பெயர்தான் வேறு. 2016-ல் பத்து லட்சமாவது வண்டி வெளியே வந்தது. இப்போது இருப்பது 2015-ல் வந்த நான்காவது தலைமுறை. எழும்பும் விளக்குகள் முதல் தலைமுறையில் மட்டும்தான், இரண்டாவது வந்தபோதே போய்விட்டன. மற்றபடி அடிப்படை அமைப்பு அதேதான்: முன்னால் சின்ன எஞ்சின், பின் சக்கரங்களுக்கு விசை, இரண்டே சீட், கையால் திறக்கும் துணிக்கூரை.

ஷோரூமில் இருபது நிமிடம் ஓட்டிப் பார்த்து முடிவெடுக்க எனக்கு மனம் வரவில்லை. இருபது நிமிடத்தில் எந்த வண்டியும் நன்றாகத்தான் இருக்கும். வாடகைக்கு எடுத்து, நான்கு நாள் நம் வேலைகளையெல்லாம் அதிலேயே செய்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். 1.5 லிட்டர் எஞ்சின், ஆறு கியர் மேனுவல், துணிக்கூரை வைத்த வண்டி கிடைத்தது.

முதல் நாள் ஏமாற்றம்தான். சின்னப் பள்ளத்துக்கெல்லாம் துள்ளியது, ஸ்டீயரிங் பதற்றமாக இருந்தது. இவ்வளவு பேர் புகழ்ந்த வண்டி இதுதானா என்று தோன்றியது. மறுநாள் காலை டயர் ஆறியிருந்தபோது காற்றைப் பார்த்தேன். நான்கிலும் 36 பி.எஸ்.ஐ. கதவோரம் ஒட்டியிருந்த தாளில் எழுதியிருந்தது 29. வாடகைக்குக் கொடுத்தவர்கள் எல்லா வண்டிக்கும் ஒரே அளவு அடித்திருக்க வேண்டும். 29-க்குக் குறைத்துக்கொண்டு கிளம்பினால் அது வேறு வண்டி. சுமார் 1,000 கிலோதான் எடை என்பதால் காற்று கொஞ்சம் கூடினாலும் உடனே தெரிந்துவிடுகிறது. யாராவது இந்தக் காரை ஓட்டிப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், டயர் காற்றை அளக்கும் கேஜை எடுத்துக்கொண்டு போங்கள்.

அப்புறம் மலைப்பாதை. 130 குதிரைத்திறன் என்பதைப் பலர் குறைவு என்பார்கள். நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட எட்டு நொடிக்கு மேல் ஆகும், இன்று சாதாரண மின்சாரக் கார்களே அதைவிடச் சீக்கிரம் போகின்றன. ஆனால் நான் தேடியது அது இல்லை. என் பெரிய வண்டியில் கொண்டை ஊசி வளைவு என்றால் வேகத்தைக் குறைத்து, ஸ்டீயரிங்கைச் சுற்றி, உடம்பு சரியாமல் பிடித்துக்கொண்டு, வளைவு முடியக் காத்திருப்பேன். இதில் வளைவுக்கு முன்னால் பிரேக், மூன்றிலிருந்து இரண்டாவது கியர், க்ளட்சை விடும் முன் ஆக்சிலேட்டரில் ஒரு சின்னத் தட்டு, எஞ்சின் சத்தம் மேலே வந்து கியரோடு பொருந்துகிறது. அந்தப் பொருத்தம் சரியாக அமைந்தால் கையில் ஒரு 'டக்' மட்டும், குலுக்கலே இல்லை. தப்பினால் வண்டி லேசாகத் தலையாட்டும். கியர் கம்பி மணிக்கட்டு அசைவிலேயே நகர்கிறது, தோளைத் தூக்க வேண்டியதில்லை. வளைவில் வண்டி கொஞ்சம் சாய்கிறது. அந்தச் சாய்வுதான் சக்கரங்களின் பிடி எவ்வளவு மிச்சம் என்று சொல்கிறது. முன்னும் பின்னும் எடை ஏறக்குறைய சரிபாதி என்பதால் பின்பக்கம் நம் இடுப்புக்குக் கீழிருந்தே திரும்புவதுபோல இருக்கிறது. இதெல்லாம் மணிக்கு 50, 60 கி.மீ. வேகத்திலேயே நடக்கிறது. சட்டத்தையும் மீற வேண்டாம், உயிரையும் பணயம் வைக்க வேண்டாம். 63 வயதில் எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் பட்டது.

மாஸ்டாக்காரர்கள் இதை 'ஜின்பா இத்தாய்' என்பார்கள். குதிரையும் ஏறியிருப்பவரும் ஒன்றாகிற நிலை. விளம்பரச் சொல் என்றுதான் நினைத்திருந்தேன். அன்று இறங்கும்போது அது உண்மை என்று ஒத்துக்கொண்டேன்.

சரி, இனி மனைவி விஷயம். முடிவு அவள் கையில்தான் இருந்தது. அவளுக்கு வலது முழங்காலில் தேய்மானம். இந்த வண்டியின் மொத்த உயரமே சுமார் 1.23 மீட்டர், சீட் கிட்டத்தட்டத் தரையில் இருக்கிறது. முதல் நாள் வழக்கம்போல ஒரு காலை உள்ளே வைத்து ஏறப் பார்த்தாள், முடியவில்லை, முகம் சுருங்கிவிட்டது. "என்னங்க, இது நமக்கு ஒத்து வராது" என்றாள். எனக்கும் பதில் இல்லை. அடுத்த நாள் அவளே வழி கண்டுபிடித்தாள். வண்டிக்கு முதுகு காட்டி நின்று, கையைப் பின்னால் சீட் விளிம்பில் ஊன்றி, முதலில் உட்கார்ந்துவிட்டு, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புவது. இறங்கும்போது அதையே தலைகீழாக. கூரை திறந்திருந்தால் இன்னும் சுலபம், தலையைக் குனிய வேண்டியதில்லை. மூன்றாம் நாள் மாலைக்குள் கதவைப் பிடிக்காமலே இறங்கினாள். கதவுகள் நீளமானவை, நெருக்கமான பார்க்கிங்கில் முழுக்கத் திறக்க இடம் இருக்காது. அங்கே அவளை முன்பே இறக்கிவிட்டுத்தான் நான் நிறுத்த வேண்டியிருந்தது.

அந்த மூன்றாம் நாள்தான், காலியான ஒரு சாலையில், "நான் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டாள்.

எங்கள் பெரிய வண்டியை அவள் எட்டு வருடமாகத் தொட்டதில்லை. ஓட்டத் தெரியாமல் இல்லை, ஒரு காலத்தில் என்னைவிட நன்றாக ஓட்டியவள். அந்த வண்டி வந்த பிறகு மெதுவாக விட்டுவிட்டாள். பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை, முனை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை என்பாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. அதற்காக இப்போது வருந்துகிறேன். எம்.எக்ஸ்-5-ல் உட்கார்ந்தால் பானெட்டின் இரண்டு பக்கமும் முன்சக்கரங்களுக்கு மேல் மேடு எழும்பித் தெரியும். சக்கரம் எங்கே இருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்ணால் பார்க்கலாம். மொத்த நீளமும் நான்கு மீட்டருக்குக் கீழே. முதல் ஐந்து நிமிடம் இரண்டு தடவை எஞ்சின் நின்றது. அதன் பிறகு 40 கி.மீ. ஓட்டினாள். "மூலை தெரியுதுங்க" என்று மட்டும் சொன்னாள். நான் பக்கத்து சீட்டில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

குறைகள் இருக்கின்றன, மறைக்க மாட்டேன். டிக்கி 130 லிட்டர். இரண்டு சின்ன, மெத்தென்ற பைகள் போகும், சக்கரம் வைத்த பெரிய பெட்டி போகாது. பக்கத்து சீட்டுக்கு முன்னால் சாமான் அறை கிடையாது. வண்டிக் காகிதம், கண்ணாடி எல்லாம் இரண்டு சீட்டுக்கும் நடுவே முதுகுப்பக்கம் உள்ள பெட்டியில்தான். ஓட்டிக்கொண்டே அங்கே கை விட்டு எடுக்க என் தோள் ஒத்துழைக்கவில்லை. கூரையைத் திறப்பது சுலபம், கொக்கியை விடுவித்துப் பின்னால் தள்ளினால் மடிந்து உட்கார்ந்துகொள்ளும். மூட, சீட்டில் இருந்தபடியே கையைப் பின்னால் நீட்டி இழுக்க வேண்டும். அது முடியாதபோது வெளியே இறங்கி நின்று மூடினேன், பத்து நொடி வேலை.

சத்தம் இன்னொன்று. எனக்கு இடது காதில் காது மெஷின். கூரை திறந்து நெடுஞ்சாலையில் 100-ல் போனால் காற்று மெஷினுக்குள் புகுந்து இரைந்தது, மனைவி பேசுவது எதுவும் கேட்கவில்லை. பக்கக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு 80-க்குள் போனால் பேச்சு புரிந்தது. நாள் முழுக்க நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு இந்தக் கார் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மடக்கும் கெட்டிக்கூரை உள்ள ஆர்.எஃப். வகையும் உண்டு. பொத்தானை அழுத்தினால் தானே மடங்கும், மூடியிருக்கும்போது இரைச்சலும் குறைவு. தோள் வலி உள்ளவர்கள் அதைப் பார்க்கலாம்.

இரவு ஓட்டம் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நாம் இவ்வளவு தாழ உட்கார்ந்திருக்கும்போது பின்னால் வரும் உயரமான வண்டிகளின் விளக்கு நேராகக் கண்ணாடி வழியாக முகத்தில் விழுகிறது. கண்புரை அறுவை செய்துகொண்டவன் நான், கண் கூசியது. பகல் வண்டி என்று வைத்துக்கொண்டேன். நோட்டைப் புரட்டிப் பார்த்தால் இருட்டிய பிறகு நான் ஓட்டியது மாதத்துக்கு இரண்டு மூன்று தடவைதான்.

எரிபொருள் ஒரு நல்ல செய்தி. நான்கு நாளில் 612 கி.மீ., 39 லிட்டர். லிட்டருக்குப் பதினைந்தரைக்கு மேல். பழைய வண்டி ஒன்பதைத் தாண்டியதில்லை. காப்பீடு மட்டும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள், ஸ்போர்ட்ஸ் கார் என்ற வகையில் போனால் தொகை கூடலாம். அவசரத்துக்கு மாற்று டயர் இல்லை, பங்சர் ஒட்டும் மருந்தும் காற்றடிக்கும் கருவியும்தான் தருகிறார்கள்.

டொயோட்டா ஜி.ஆர்.86-ஐயும் யோசித்தேன். 2.4 லிட்டர் எஞ்சின், கெட்டிக்கூரை, பின்னால் பெயருக்கு இரண்டு சீட். வலுவான வண்டி. ஆனால் அந்தப் பின்சீட்டில் பெரியவர்கள் உட்கார முடியாது, பேரனுக்கு என்றால் குழந்தை சீட்டை உள்ளே மாட்டுவதற்குள் இடுப்பு போய்விடும். நான்கு பேர் போக முடியாத நான்கு சீட் எனக்கு வேண்டாம். மின்சாரக் கார் வாங்கு என்று நண்பர்கள் சொன்னார்கள். தினசரி வேலைக்கு அது சிறந்ததுதான், ஆனால் என் இடது காலுக்கும் கியர் கைக்கும் அதில் வேலை இல்லையே.

பேரனை எங்கே உட்கார வைப்பது என்பதுதான் கடைசி வரை உறுத்தியது. மகளிடம் கேட்டேன். "அப்பா, நாங்க வந்தா எங்க வண்டியிலதானே வர்றோம்" என்றாள். ஒன்பது தடவைக்கு ஒரு வாடகைக் கார் போதும் என்று கணக்கும் சொல்கிறது. இரண்டையும் வைத்துக்கொள்ள எங்களுக்கு இடமும் இல்லை, பணமும் இல்லை. இன்னும் ஐந்து வருடம் கழித்து மாற்றலாமா என்றும் யோசித்தேன். அப்போது அவள் முழங்கால் இந்த அளவுக்கு மடங்குமா, என் இடது கால் க்ளட்சை இப்படி மிதிக்குமா, தெரியாது. இன்று முடிகிறது.

மாற்றுகிறோம். புதிது இல்லை, மூன்று நான்கு வருடம் ஓடியது. இந்தத் தலைமுறையின் ஆரம்ப வண்டிகளில் ஸ்டீயரிங்கை மேலும் கீழும் மட்டுமே நகர்த்த முடியும். பிறகு வந்தவற்றில் முன்னும் பின்னும் நகரும். மனைவி குள்ளம், எனக்குக் கால் நீளம், இருவரும் ஓட்டப்போகிற வண்டிக்கு அது அவசியம். 2.0 லிட்டருக்குப் போகவில்லை, 1.5-ஐ முழுசாகப் பயன்படுத்தி ஓட்டுவதே எனக்குப் பிடித்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஒரு வண்டி பார்க்கப் போகிறோம். கூரைத் துணியின் மடிப்புகளில் கிழிசல் இருக்கிறதா, மழைநீர் வடியும் துளைகள் அடைத்திருக்கிறதா, சீட்டுக்குக் கீழே கம்பளம் ஈரமாக இருக்கிறதா, இரண்டாவது கியர் உறுத்தாமல் விழுகிறதா என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதற்கெல்லாம் முன்பு அவள் மூன்று தடவை ஏறி இறங்கிப் பார்ப்பாள். பிறகுதான் நான் சாவியைக் கேட்பேன்.